பாக்கிக்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்: நைரோபியின் ஏழைப் பகுதியில் கத்தோலிக்கப் பள்ளி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா, முகுரு போன்ற தகரக் கொட்டகைக் குடியிருப்புகளில் துறவற சபைகளும் பங்குகளும் ஆரம்பப் பள்ளிகள் நடத்துகின்றன. நம் பக்கத்திலிருந்தும் அருட்சகோதரிகளும் குருக்களும் ஆப்பிரிக்கப் பணிக்குப் போகிறார்கள். நல்ல மனத்தோடு தொடங்கிய பள்ளிகளும் சில இடங்களில் சறுக்குகின்றன. அதில் முதலாவது, கட்டணம் வாங்கும் முறை.

கென்யாவின் அரசு ஆரம்பப் பள்ளிகளில் 2003 முதல் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் இந்தக் குடியிருப்புகளின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அங்கே இடம் போதாது. மிச்சப் பேர் பங்குப் பள்ளிக்கு வருகிறார்கள். அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதில்லை, அதனால் கொஞ்சமாவது கட்டணம் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்குவதில் தப்பில்லை. ஒரு பருவத்துக்கான முழுத் தொகையையும் முதல் வாரத்திலேயே கேட்பதுதான் தப்பு. முகுருவில் அம்மா வீடு வீடாகத் துணி துவைக்கப் போவார். அப்பா விடிந்ததும் தொழிற்சாலை வாசலில் நிற்பார், கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. கூலி அன்றன்றைக்கு வருவது. அதிலும் பள்ளியாண்டு தொடங்கும் ஜனவரி, கிறிஸ்துமஸ் செலவு முடிந்து கை காய்ந்திருக்கும் மாதம்.

பணம் வராதபோது, காலைக் கூட்டத்தில் பேரை வாசித்துப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கும். அம்மா வர சாயங்காலமாகும். அதுவரை அந்த ஏழு வயதுப் பிள்ளை சாக்கடையோரச் சந்துகளில் சுற்றும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், கூச்சப்பட்டே பெற்றோர் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். பாக்கியும் போச்சு, பிள்ளையும் போச்சு.

இதற்கு வழி கைபேசியிலேயே இருக்கிறது. எம்-பெசா என்ற கைபேசிப் பணப்பரிமாற்றம் வழியாக ஐம்பது, நூறு ஷில்லிங்காக வாரா வாரம் வாங்கிப் பேரேட்டில் வரவு வையுங்கள். மீதி எவ்வளவு என்று மாதம் ஒரு குறுஞ்செய்தி, அதுவும் பெற்றோருக்கு மட்டும். நிஜமாகவே கொடுக்க முடியாதவர் யார் என்பது, ஜுமுயா எனப்படும் அங்கத்திய அன்பியத்தாருக்கு, அதாவது அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழுவுக்கு, தெரியும். யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் நோய் என்று சொல்வார்கள். கத்தோலிக்கர் அல்லாத குடும்பங்களுக்கு அக்கம்பக்கத்தாரிடம் விசாரியுங்கள். சலுகை பெற்றவர் பெயர் அலுவலகத்தைத் தாண்டக் கூடாது.

அடுத்தது நன்கொடை. கட்டடம் கட்டப் பணம் கேட்டால் கிடைக்கும், அதில் பெயர்ப்பலகை வைக்கலாம். சம்பளத்துக்குக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். ஒருமுறை வந்த பணத்தில் இரண்டு வகுப்பறை எழுப்பி, அதற்கு ஆசிரியர்களையும் வைத்துவிட்டு, மறு வருடம் மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைப்பது வெளியூர்ப் பணத்தை நம்பிய பள்ளிகளுக்கு நேரும் கதி. ஆசிரியர் பணி ஆணையத்தில் பதிவு பெற்றவரைத்தான் சட்டப்படி வைக்க வேண்டும். அவருக்கு அரசு வேலை கிடைத்தால் கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கையில் சில மாதச் சம்பளம் இல்லாமல் புது வகுப்பு திறக்காதீர்கள்.

மொழி விஷயத்திலும் தடுமாற்றம் உண்டு. பெற்றோர் ஆங்கிலம் கேட்பார்கள். ஆனால் முதல் மூன்று வகுப்புகளுக்கு அந்தந்த வட்டாரத்து மொழி என்பதுதான் கென்யக் கொள்கை. நைரோபியில் அது பெரும்பாலும் கிஸ்வாஹிலி. தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு மாட்டும் பழக்கம் ஒரு காலத்தில் அங்கே இருந்தது, அதன் நிழல்கூட வரக் கூடாது. பிரம்பும் வேண்டாம். 2013 அடிப்படைக் கல்விச் சட்டம் உடல் தண்டனையைத் தடை செய்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டில் ஒரு ஆபத்து இருக்கிறது. வழக்கமான உணவு கிதேரி, அதாவது மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்தது. மலிவாகக் கிடைத்ததென்று மக்காச்சோளத்தை மூட்டை மூட்டையாக வாங்கி, ஈரத் தரையில் அடுக்கிவிடுகிறார்கள். பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 2004-இல் கிழக்குக் கென்யாவில் இந்த நஞ்சால் 125 பேர் இறந்தார்கள். "வேகவைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள், சரியாகாது. மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். நிறம் மாறிய மூட்டையைக் கோழிக்கும் போடாதீர்கள்.

கழிப்பறை: கென்ய விதிப்படி 25 மாணவியருக்கு ஒன்று, 30 மாணவர்களுக்கு ஒன்று. மேல் வகுப்பு மாணவியருக்குத் தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பைக்கூடை மூன்றும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கு வரமாட்டார்கள்.

கிபேராவில் நூபிய முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பெந்தகோஸ்து சபையினரும் நிறைய. திருமுழுக்குச் சான்றிதழைப் பார்த்து இடம் கொடுப்பதும், திருப்பலிக்குக் கட்டாயப்படுத்துவதும் பெரிய தவறு. அரசு நடத்த, திருச்சபை ஆதரவாளராக மட்டும் இருக்கும் பள்ளிகளும் ஏராளம். அங்கே பிறர் சமயத்தைக் காக்கும் கடமையையும் அதே 2013 சட்டம் ஆதரவாளருக்குத் தருகிறது. பங்குத்தந்தை அங்கே முதலாளி அல்ல.

கடைசியாக, எல்லாம் ஒரே சகோதரியின் கையில் இருப்பது. சபை அவரை வேறு நாட்டுக்கு மாற்றும்போது நன்கொடையாளர் தொடர்பும் கணக்கும் அவரோடு போய்விடுகின்றன. உள்ளூர்த் தலைமையாசிரியருக்கு வங்கிக் கையொப்பத்தில் பங்கு கொடுங்கள். நன்கொடையாளருக்கு எழுதும் கடிதங்களில் முதல் வருடத்திலிருந்தே அவர் பெயரும் இருக்கட்டும்.