கோர்சிகாவுக்குப் பிற்பகலில் புறப்படுங்கள்
பிரான்சின் நீஸ் நகரிலிருந்து கோர்சிகாத் தீவின் கால்விக்கு நண்பர்களுடன் பாய்மரப் படகில் செல்வோர், விடியற்காலையில் அல்லாமல் பிற்பகல் 2 மணியளவில் புறப்படுவது நல்லது. ஏறத்தாழ 95 கடல் மைல் தூரத்தை மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் கடக்க 19 மணி நேரம் ஆகும் என்பதால், காலை 6 மணிக்குக் கிளம்பும் படகு நள்ளிரவுக்குப் பிறகே கரைசேரும். அந்த இருட்டில் துறைமுக வாயிலின் சிவப்பு, பச்சை விளக்குகள் ஊர் விளக்குகளோடு கலந்து, பிரித்தறிய முடியாமல் போகும். பிற்பகலில் கிளம்பினாலோ, வானம் தெளிவாக இருந்தால் விடியும்போதே கோர்சிகாவின் மலைமுகடுகள் எதிரே தெரியும். முந்தைய இரவு தங்கிய படகுகள் காலையில் வெளியேறுவதால் கோடை நெரிசலிலும் படகைக் கட்ட இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். இரவில் மாறி மாறிச் சுக்கான் பிடிக்கத் தெரிந்தவர்கள் இருவராவது இல்லையென்றால் இது பொருந்தாது. தெற்குப் பிரான்சிலிருந்து கடலை நோக்கிப் பலமாக வீசும் குளிர்காற்றான மிஸ்ட்ரல் வீசும் என்ற முன்னறிவிப்பு இருந்தால், எந்த நேரத்திலும் புறப்படவே கூடாது.