வீடியோ கேம் போர்ட் திருத்துவது: ஐசி வாங்குவது கடைசி வேலை

காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் மெசினின் போர்ட் கைக்கு வந்தால், ஐசி தேடி ஓடுவதைக் கடைசிக்கு வையுங்கள். கொழும்பில் இருப்பவன் காலையில் சந்தேகப்பட்ட ஐசியைப் பின்னேரத்துக்குள் வாங்கிப் போட்டுப் பார்த்துவிடலாம். மட்டக்களப்பில் அது நடக்காது. வெளிநாட்டுப் பார்சல் வரும்வரை போர்ட் மேசையில் கிடக்கும். வந்த ஐசி போலியாகவும் இருக்கலாம். அதனால் சாமான் தேவைப்படாத வேலைகள் முழுவதும் முதலில், எந்த ஐசி பழுது என்று உறுதியான பிறகுதான் சாமான். நான் வேலை செய்யும் ஒழுங்கு இதுதான்.

கல்லடியில் ரீவியும் அம்ப்ளிஃபயரும் திருத்துகிறவன் நான். என்னிடம் வரும் கேம் போர்ட்கள் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் முன்பு கேம் கடை வைத்திருந்தவர்களின் ஸ்டோரில் கிடந்தவை. கொண்டுவருகிறவர் கேட்பதும் ஒரே கேள்விதான்: "ஐசி மாத்தினா சரி வருமா தம்பி?" "முதல்ல கழுவிப் பார்ப்பம் காக்கா" என்பேன். நழுவுகிறேன் என்று நினைப்பார்கள். ஆனால் ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமான ஊரில் உப்புக் காற்று பெட்டிக்குள்ளும் புகும். செப்பில் பச்சைக் களிம்பு, ஐசிக் கால்களில் கறுப்பு, சொக்கெட்டுக்குள் துரு. பல போர்ட்களின் வருத்தம் இதற்குள்ளேயே முடிந்துவிடும்.

போர்ட்டின் விளிம்பில் இருக்கும் தங்க முலாம் பட்டைகளைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். மண்தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும், பிறகு களிம்பு இன்னும் விரைவாகப் பிடிக்கும். சொக்கெட்டில் இருக்கும் ஐசிகளைக் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுங்கள், ஐசியின் முனையில் உள்ள வெட்டு எந்தப் பக்கம் என்று பிறகு தடுமாறத் தேவையில்லை. தட்டை ஸ்குரூட்ரைவரை ஒருமுறை இந்த முனையில், ஒருமுறை அந்த முனையில் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். கால்களைச் சுத்தம் செய்து திரும்பச் செருகுங்கள். துருப்பிடித்த கால் முறிந்தால் பதற வேண்டாம். உடம்போடு ஒட்டியிருக்கும் துண்டைச் சுரண்டி, மெல்லிய கம்பி ஒன்றை ஈயம் வைத்துப் பிடித்தால் ஐசி பிழைக்கும். பழைய மலிவு சொக்கெட் பிடிப்பு விட்டிருந்தால் உருண்டைத் துளை உள்ள சொக்கெட்டாக மாற்றுங்கள். அது கொஞ்சம் விலை கூட, ஆனால் மறுபடி கழற்ற வேண்டி வராது.

போர்ட்டில் நிக்கல் காட்மியம் பற்றரி ஒழுகியிருந்தால் வினாகிரியால் கழுவி, தண்ணீரால் கழுவி, அல்கஹோல் ஊற்றிக் காய விடுங்கள். அரித்துப்போன செப்புக் கோட்டுக்கு மேலால் எனாமல் கம்பி இழுக்கலாம். ஒரு எச்சரிக்கை: 1993இல் வந்த, கப்கொம் கம்பனியின் சிபிஎஸ்-2 (CPS-2) போன்ற போர்ட்களில் கேமைத் திறக்கும் குறியீடே பற்றரியின் தயவில் இருக்கும் நினைவகத்தில் உள்ளது. பற்றரியைச் சும்மா கழற்றினால் நல்ல போர்ட் அந்த இடத்திலேயே செத்துவிடும். என்ன போர்ட் என்று தெரியுமுன் பற்றரியில் கை வைக்காதீர்கள்.

இனிக் கரண்ட். 1985க்குப் பிறகு வந்த போர்ட்களில் பெரும்பாலானவை ஜம்மா (JAMMA) என்ற பொதுக் கனெக்டர் முறை: விளிம்பில் ஒரு பக்கம் 28, மொத்தம் 56 தொடுமுனை. 1, 2 பூமி (கிரவுண்ட்), 3, 4 ஐந்து வோல்ற், 5 மைனஸ் ஐந்து, 6 பன்னிரண்டு, 27, 28 மீண்டும் பூமி. மறுபக்கமும் இதே வரிசைதான். ஏழாம் இடத்தில் ஒரு தடுப்பு இருக்க வேண்டும். அது இல்லாத கனெக்டரைத் தலைகீழாகச் செருகினால் அதோடு கதை முடிந்தது. பக்மான் மாதிரி அதற்கு முந்தியவற்றுக்குத் தனித்தனிக் கனெக்டர், அவற்றின் படம் இல்லாமல் கரண்ட் கொடுக்க வேண்டாம். பழைய கொம்பியூட்டர் பவர் சப்ளை போதும். மைனஸ் ஐந்து புதிய சப்ளைகளில் வராது, பிந்திய போர்ட்கள் அதைக் கேட்பதும் இல்லை.

மீற்றரைச் சப்ளையில் வைத்துப் பார்த்து "ஐந்து இருக்கு" என்று திருப்திப்பட்டால் போதாது. விளிம்பிலிருந்து தூரத்தில் உள்ள ஒரு ஐசியில் வைத்துப் பாருங்கள்: 14 கால் ரீரீஎல் ஐசி (74 என்று எண் தொடங்கும் சாதாரண லொஜிக் ஐசி) என்றால் பெரும்பாலும் 7க்கும் 14க்கும் இடையில், 16 கால் என்றால் 8க்கும் 16க்கும் இடையில். 4.75க்குக் கீழே போனால் படம் குழம்பும், போர்ட் தானாக றீசெட் ஆகும். சப்ளையில் சரியாகவும் போர்ட்டில் குறைவாகவும் காட்டினால் குற்றவாளி வயர் அல்லது களிம்புதான். 5.25ஐத் தாண்ட விடாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் படம் வரவில்லையா? சரி, லொஜிக் புரோபை எடுங்கள். மேல், கீழ், துடிப்பு என்று மூன்றைக் காட்டும் சின்னக் கருவி. இதற்குச் செலவழித்த காசு வீண்போகாது. புரோசசர் இசட்80 (Z80) என்றால் 6ஆம் காலில் குளொக் துடிக்க வேண்டும், 26ஆம் காலில் றீசெட் மேலே நிற்க வேண்டும். றீசெட் விட்டு விட்டுக் கீழே விழுகிறதென்றால் அது வொச்டோக் வேலை: புரோகிராம் ஓடாததால் அந்தச் சுற்று புரோசசரைத் திரும்பத் திரும்ப உசுப்புகிறது. உடனே புரோசசரைச் சந்தேகிப்பார்கள். புரோசசர் சாவது அபூர்வம். ரொம் (கேம் எழுதிவைத்த நினைவகம்), ராம் (ஓடும்போது பாவிக்கும் நினைவகம்), சொக்கெட் என்ற ஒழுங்கில் பாருங்கள். ரொம்களை ஒவ்வொன்றாக புரோகிராமரில் (ஐசியை வாசித்து எழுதும் கருவி) வாசித்து, பழைய கேம்களைக் கொம்பியூட்டரில் ஓட்டும் மேம் (MAME) எமுலேட்டர் அந்தக் கேமுக்கு வைத்திருக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டால் எது கெட்டதென்று தெரிந்துவிடும். கள்ளப் பதிப்புப் போர்ட்டுக்கு அதற்குரிய பட்டியலைப் பாருங்கள், அசலின் பட்டியல் பொருந்தாது.

படம் வந்து, ஆட்களின் மேல் கோடு கோடாக இருந்தால் வேலை சுவையானது. சண்டைக் கேம் போர்ட் ஒன்றில் பின்னணி நன்றாக இருந்தது, ஆட்கள் மட்டும் சீவியது போல். ஆட்களின் படத்துக்கான ராமுக்குப் போகும் வழியில் 74எல்எஸ்157 ஐசிகள் வரிசையாக இருந்தன. இந்த ஐசிக்கு வெளியீட்டுக் கால்கள் 4, 7, 9, 12. ஒன்றில் 4 துடித்தது, 7 துடித்தது, 12 துடித்தது. 9இல் புரோப் எந்த விளக்கையும் காட்டவில்லை, மேலும் இல்லை கீழும் இல்லை. அதற்குரிய உள்ளீடுகள் 10, 11 இரண்டும் துடிக்கின்றன. ஐசியைத் திறந்துவிடும் 15ஆம் கால் கீழே இருக்கிறது, அதாவது ஐசி வேலை செய்ய வேண்டிய நிலைதான். வெளியீடு உள்ளே அறுந்திருக்கிறது. கரண்டை நிறுத்தி, நல்ல 157 ஒன்றை அதன் முதுகில் கால் பொருந்த அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பக் கரண்டைப் போட்டதும் கோடு மறைந்தது. வெளியீடு அறுந்த ஐசிக்கு இந்த முதுகுச் சோதனை நன்றாக வேலை செய்யும். வெளியீடு பூமியோடு ஒட்டிக்கொண்ட ஐசிக்கு செய்யாது, நல்ல ஐசி அதோடு மல்லுக்கட்டத்தான் செய்யும்.

செத்தது உறுதி என்றால் அதைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். கால்களைக் கட்டரால் நறுக்கி, உடம்பை எறிந்துவிட்டு, ஒவ்வொரு காலாக ஈயம் உருக்கி எடுங்கள். முழுதாக இழுத்தால் துளையின் உள்முலாம் கூடவே வரும். பிடிவாதமான துளைக்குக் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உறிஞ்சினால் இளகும்.

இப்போது சாமான். முதல் கடை பழைய இரும்புக்காரர்தான். போத்தல், பேப்பர், இரும்பு வாங்கும் இடங்களில் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர்களும் 386, 486 கொம்பியூட்டர் கார்ட்களும் கிடக்கும். அவற்றில் 74எல்எஸ்245, 244 மாதிரி ஐசிகள், 27சி512 போன்ற ஈப்ரொம் (அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ரொம்), சிலவற்றில் 6264 ராம் கிடைக்கும். பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் பெட்டி ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள், சிலவற்றில் இசட்80யே இருக்கிறது. கொன்டென்சரை மட்டும் பழையதிலிருந்து எடுக்க வேண்டாம். கொன்டென்சர், டிடிஏ2003 போன்ற சவுண்ட் ஐசி, கனெக்டர் இவையெல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பார்க்கலாம். உதய தேவியில் கொழும்பு போகிற யாரிடமாவது சீட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஐசியின் எண்ணை முழுதாக எழுதி.

வெளியிலிருந்து வரவழைப்பதில் இரண்டு விஷயம். 74 தொடரில் எல்எஸ் (LS) எழுத்துள்ளது கிடைக்காவிட்டால் எச்சிரி (HCT) எழுத்துள்ளதைப் பெரும்பாலும் போடலாம். வெறும் எச்சி (HC) எழுத்துள்ளது வேண்டாம், எல்எஸ் அனுப்பும் மேல்நிலை வோல்ற் அதற்குப் போதாமல் போகலாம். இசட்80ஐ அதன் கம்பனியான ஸைலொக் 2024இல் நிறுத்திவிட்டது. இனிப் பழைய இருப்பும் கழற்றிய சாமானும்தான், போலி கூடும். வந்ததும் அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியால் மேல் எழுத்தைத் தேயுங்கள். எழுத்து கரைந்து அடியில் சுரண்டிய தடம் தெரிந்தால் மேலே அச்சிட்ட பெயரை நம்ப வேண்டாம். ரீஎல்866 (TL866) வகைப் புரோகிராமரில் 74 தொடர் ஐசியையும் ராமையும் சோதிக்கலாம், போர்ட்டில் ஏறுமுன் அதைச் செய்துவிடுங்கள். அது பழைய 2716 ஈப்ரொமுக்குத் தேவையான 25 வோல்ற்றைக் கொடுக்காது, எழுதுவதற்கு வேறு கருவி வேண்டும்.

போர்ட்டுக்கென்றே செய்த கஸ்டம் ஐசி செத்தால் கடையில் கிடைக்காது, அதே மாதிரிச் செத்த போர்ட் ஒன்றிலிருந்து கழற்றுவதே வழி. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குக் கள்ளப் பதிப்புப் போர்ட்களின் மேல் மரியாதை உண்டு. கஸ்டம் ஐசி செய்ய வசதியில்லாதவன் அந்த வேலையைச் சாதாரண 74 தொடரை அடுக்கி முடித்திருப்பான், நமக்கு மாற்ற வசதி.

ஈப்ரொம் அழிக்க யூவீ விளக்கு இல்லாவிட்டால் வெயில் இருக்கிறது: ஐசியின் முதுகில் உள்ள சின்னக் கண்ணாடி சன்னலின் ஸ்டிக்கரை எடுத்துவிட்டு நேரடி வெயிலில் ஒரு கிழமையளவு வைத்தால் அழியும், கச்சான் காலம் அதற்கு நல்லது. எழுதி முடித்ததும் சன்னலை ஸ்டிக்கரால் மூட மறக்கக்கூடாது.

கையில் எப்போதும் இருக்க வேண்டியவை 74எல்எஸ்157, 245, 273, 373, 374, ஒரு சில 6116 ராம், சொக்கெட் எல்லா அளவிலும். இவற்றை ரெஜிபோமில் குத்தி வைக்க வேண்டாம், அதில் நிலைமின் சேரும். அலுமினியத் தாள் சுற்றிய அட்டையில் குத்தி, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா பைக்கற்றோடு வையுங்கள்.