பாட்டி வைத்துப் போன ரிவால்வர்: என்ன ரகம், எந்தக் காலம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் பாட்டியின் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, கட்டிலோர மேசை இழுப்பறையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு குட்டி ரிவால்வர் கிடைத்தது. நிக்கல் பூச்சு, கறுப்புக் கைப்பிடி, அதில் ஓர் ஆந்தைத் தலை. ஆந்தை இருந்தால் ஐவர் ஜான்சன். மாசசூசெட்ஸ் மாநிலம் ஃபிட்ச்பர்க்கில் இருந்த கம்பெனி, சைக்கிளும் செய்தவர்கள். நான் கிரீன் கார்டில் இருப்பதால் துணிந்து கூடமாட நின்றேன். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். யாராவது உங்களுக்கு எழுதிவைத்தாலும் கையில் வாங்குமுன் வக்கீலைக் கேளுங்கள்.

படி 1: காலி என்று கண்ணால் பாருங்கள்

தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். விரல் விசைப் பக்கமே போகக்கூடாது, குழல் யார் பக்கமும் திரும்பக்கூடாது. பின்பக்கம் மேலே உள்ள தாழ்ப்பாளைத் தூக்கினால் குழல் முன்னால் மடங்கித் திறக்கும். முழுக்கத் திறக்கும்போது உள்ளே இருப்பதை அதுவே வெளியே தள்ளிவிடும். இந்த ரகத்தின் பெயர் ‘சேஃப்டி ஆட்டோமேட்டிக்’. அதில் உள்ள ஆட்டோமேட்டிக் இதுதான், தானாகச் சுடும் என்று அர்த்தமில்லை. தோட்டா போடும் ஐந்து அறைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். துருவேறித் திறக்கவில்லையா? பலம் காட்டாதீர்கள். துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்கு முதலில் போன் செய்துவிட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

படி 2: காலத்தைக் கண்டுபிடியுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. குழலில் பொறித்த தேதிகளைப் பார்த்து “1896-இல் செய்தது” என்று பக்கத்து வீட்டுக்காரர் குதித்தார். அவை காப்புரிமைத் தேதிகள். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அதே பொறிப்போடு செய்திருப்பார்கள்.

இந்த ரகம் 1894-இல் வந்தது. 1908 வரை செய்தவை கருமருந்து, அதாவது பழைய காலத்துப் புகையும் வெடிமருந்து, போட்ட தோட்டாவுக்கானவை. 1909 முதல் புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்கும்படி மாற்றிச் செய்தார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். காலி ரிவால்வரை மூடி, பின்னால் உள்ள சுத்தியல் இறங்கிய நிலையில், சிலிண்டரை (அறைகள் உள்ள உருளையை) விரலால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் பழையது, பூட்டிக்கொண்டு நின்றால் பிந்தையது. அப்புறம், சரியான அளவுத் திருப்புளியால் கைப்பிடி ஆணியைக் கழற்றுங்கள். உள்ளே பட்டை வில் இருந்தால் பழையது, சுருள் வில் இருந்தால் பிந்தையது. வரிசை எண்ணும் அங்கேதான், இடது பக்கம் இருக்கும். எழுத்து ஏதாவது சேர்ந்திருந்தால் அதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வேறொன்றிலிருந்து மாட்டியிருக்கலாம்.

சட்டத்துக்கும் இந்தத் தேதி முக்கியம். 1898 அல்லது அதற்கு முன் செய்தது என்றால் கூட்டாட்சிச் சட்டத்தில் பழம்பொருள். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும்.

படி 3: எந்தத் தோட்டா?

சின்ன உடம்பு, ஐந்து அறை என்றால் பெரும்பாலும் .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெசன்) என்ற தோட்டா. இதே பெயரோடு ‘லாங்’ என்று 1896-இல் வந்த நீளத் தோட்டா வேறு. இதே ரிவால்வர் .38 அளவிலும் உண்டு. அதற்கான தோட்டாவும் ‘.38 ஸ்பெஷல்’ என்ற தோட்டாவும் ஒன்றல்ல. யூகிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் அறையை அளக்கச் சொல்லுங்கள். கருமருந்துக் காலத்து ரிவால்வர் என்றால் கடையில் கிடைக்கும் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது.

படி 4: துடைத்து வையுங்கள்

மெல்லிய எண்ணெய், பருத்தித் துணி, அவ்வளவுதான். பளபளக்கத் தேய்த்தால் நிக்கல் உரிந்துவிடும். தோல் உறையில் வைத்தால் ஈரம் கோத்துத் துரு பிடிக்கும். வெறுமனே விசையை இழுத்து விளையாட வேண்டாம், பழைய வில் உடைந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம்.

விலை? 1901-இல் பஃபலோ நகரில் அமெரிக்க அதிபர் மெக்கின்லியைச் சுட்டது இதே ரகம், .32 தான். அந்த ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றவை மலிவு விலையில் மலைபோல் செய்து விற்றவை, பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள்.

எங்கள் ஆந்தைக்குள் பட்டை வில் இருந்தது, சிலிண்டரும் ராட்டினமாய்ச் சுற்றியது. சுட்டுப் பார்க்கும் ஆசையைப் பக்கத்து வீட்டுக்காரர் அன்றே விட்டுவிட்டார். பாட்டியின் கைக்குட்டையைத் துவைத்து மடித்து வைத்தார். ரிவால்வர் பூட்டிய பெட்டிக்குள் போனது.