மணலியில் வண்டி எண்ணும் கருவி: மூன்று நாள் அலைந்த கதை

மணலியில் நடுவில் தடுப்பு இல்லாத ஒரு சாலை. சாலைக்குக் குறுக்கே போட்ட ட்யூப் மேல் சக்கரம் ஏறும்போது எழும் காற்றழுத்தத்தை வைத்து வண்டிகளை எண்ணும் கருவி அங்கே இருந்தது. அந்தப் பழைய ஒற்றை ட்யூப் கருவியை எடுத்துவிட்டு, வேகமும் வண்டி வகையும் சொல்லும் இரட்டை ட்யூப் கருவியைப் போட்டோம். எண்ணிக்கை சரியாக வந்தது. வகைதான் குழம்பியது: மினி லாரிகள் சில கார் கணக்கில் விழுந்தன, அதுவும் ஒரு திசையில் மட்டும்.

முதலில் பேட்டரியை மாற்றினேன். அடுத்து கடல் காற்றின் ஈரம் ட்யூபுக்குள் இறங்கியிருக்கும் என்று கழற்றி ஊதிக் காயவைத்தேன். இரண்டு ட்யூபுக்கும் இடையிலான இடைவெளியை டேப்பால் மூன்று முறை அளந்தேன். சரியாக 1 மீட்டர். விற்றவர்கள் சாஃப்ட்வேரை அப்டேட் செய்யச் சொன்னார்கள். செய்தும் பலனில்லை.

மூன்றாம் நாள் அதிகாலை, கன்டெய்னர் வரிசை ஓய்ந்த நேரத்தில், என் பைக்கை 36 கிலோமீட்டர் வேகத்தில் இரு பக்கமும் ஓட்டினேன். கருவி காட்டியது போகும்போது 33, வரும்போது 40!

அப்போதுதான் கருவியைக் கட்டிய கம்பத்துக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு ட்யூபில் மட்டும் 3 மீட்டர் மிச்சம், சுருட்டிக் கட்டியிருந்தது. காற்றழுத்தம் ட்யூபுக்குள் ஏறக்குறைய ஒலியின் வேகத்தில்தான் ஓடும். 3 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 9 மில்லிசெகண்ட் தாமதம். ஒரு ட்யூபிலிருந்து அடுத்ததற்குப் போக ஆகும் நேரத்தை வைத்துத்தான் கருவி வேகத்தைக் கணக்கிடுகிறது; 36 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 1 மீட்டரைக் கடக்கவே 100 மில்லிசெகண்ட்தான் ஆகும். வேகம் பிசகினால் அச்சுகளுக்கு இடையிலான தூரமும் பிசகும், வகையும் மாறும்.

மிச்சத்தை வெட்டி இரண்டையும் ஒரே நீளமாக்கினேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன்: 36, 36. அப்பாடா! பழைய மூன்று நாள் வகைக் கணக்கை அப்படியே ஒதுக்கிவிட்டு, அன்றிலிருந்து புதிதாக எடுத்தோம்.