இன்சுலின் குப்பியிலிருந்து நோயாளியின் வீடு வரை: புதிய செவிலியர்களுக்கான செய்முறை விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய வார்டில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் சேர்க்கப்பட்டார். பல மாதங்களாக வீட்டிலேயே ஒரு வேளைகூடத் தவறாமல் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தும் அவருடைய சர்க்கரை அளவு 300-க்குக் கீழே இறங்கவில்லை. அவர் கொண்டுவந்திருந்த மஞ்சள் பையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. குப்பி 40 யூனிட் வகை. மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்சோ 100 யூனிட் வகை. அவர் 20 என்ற கோடு வரை இழுத்தபோதெல்லாம் உடலுக்குள் சென்றது 8 யூனிட் மட்டுமே. வெளிநோயாளியாக அவர் வந்த நாள்களில் "ஒழுங்காக ஊசி போடுகிறீர்களா?" என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், "எப்படிப் போடுகிறீர்கள், காட்டுங்கள்" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களில் நானும் ஒருத்தி.

இன்சுலின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், அடர் பொட்டாசியம் குளோரைடு போன்றவை சிறு பிழைக்கும் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய மருந்துகள். உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் மருந்துப் பிழைகளால் நேரும் தீங்கைக் குறைப்பதற்கென்றே ஓர் உலகளாவிய திட்டத்தைத் தொடங்கியது. இவற்றுள், நோயாளி வீட்டுக்குப் போய்த் தானே போட்டுக்கொள்ள வேண்டிய மருந்து பெரும்பாலும் இன்சுலின்தான் என்பதால், இந்த விளக்கத்தை அதைக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: 40-உம் 100-உம்

நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு வலிமைகளில் இன்சுலின் கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் நாம் மிகுதியாகக் காணும் குப்பிகள் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் கொண்டவை. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ்களும் சில புதிய வகை இன்சுலின் குப்பிகளும் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 100 யூனிட் கொண்டவை. 40 வகைச் சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறத்திலும், 100 வகையின் மூடி ஆரஞ்சு நிறத்திலும் இருப்பது வழக்கம். ஆனாலும் இரவுப் பணியின் மங்கிய வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் சிரிஞ்சின் மேல் அச்சிட்டுள்ள எண்ணைப் படியுங்கள்.

ஒரு கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். 40 வகைச் சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மி.லி.யைக் குறிக்கிறது. அதில் 100 வகை இன்சுலினை இழுத்தால் 20 யூனிட்டுக்குப் பதிலாக 50 யூனிட் போய்விடும். அதாவது இரண்டரை மடங்கு. மாற்றி எடுத்தால் என்ன நேரும் என்பதை மேலே சொன்ன நோயாளியிடம் கண்டோம். உரிய சிரிஞ்சு இல்லையென்றால், சாதாரண 1 மி.லி. சிரிஞ்சில் மனக்கணக்காக இழுக்காமல், உரிய சிரிஞ்சை வரவழைத்த பிறகே ஊசியைப் போடுங்கள்.

வார்டில் செய்ய வேண்டியவை

மருந்துத் தள்ளுவண்டிக்குப் போவதற்கு முன் கேஸ் ஷீட்டைத் திறந்து, இன்சுலினின் பெயர், அளவு, நேரம், போட வேண்டிய முறை ஆகியவற்றை நேரடியாகப் படியுங்கள். முந்தைய ஷிஃப்டில் வாய்மொழியாகச் சொல்லிச் சென்றதை மட்டும் வைத்து ஊசி போடக் கூடாது. 'யூனிட்' என்பதற்கு ஆங்கிலத்தின் ஒற்றை எழுத்தைப் போட்டால் அது பூச்சியமாகத் தோன்றி, 4 யூனிட் 40 ஆகிவிடக்கூடும். அவ்வாறு எழுதியிருப்பதைக் கண்டால் மருத்துவரிடம் கேட்டு, முழுச் சொல்லாக எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பயிற்சி மாணவியாக இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை உங்களுக்கு உண்டு.

அடுத்து நோயாளியை உறுதிசெய்ய வேண்டும். "நீங்கள் லட்சுமிதானே?" என்று கேட்டால், அரைத்தூக்கத்தில் இருக்கும் எந்தப் பாட்டியும் "ஆமாம்மா" என்றுதான் சொல்வார். "உங்கள் பெயர் என்ன பாட்டி?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்லவைத்து, உள்நோயாளி எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படுக்கை எண் நோயாளியின் அடையாளம் ஆகாது. காலையில் 12-ஆம் படுக்கையில் இருந்தவர் மாலையில் 9-க்கு மாறியிருக்கலாம்.

பிறகு சர்க்கரை அளவையும் சாப்பாட்டையும் பாருங்கள். குளூக்கோமீட்டரில் அளவு 70-க்குக் கீழே இருந்தாலோ, அறுவை சிகிச்சைக்காக நோயாளியைப் பட்டினி வைத்திருந்தாலோ, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாலோ, ஊசியைப் போடாமல் நிறுத்திவைத்து மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக ரத்துசெய்துவிடவும் வேண்டாம். குறுகிய நேரம் செயல்படும் ரெகுலர் இன்சுலினும், அதையும் அதைவிட மெதுவாகச் செயல்படும் என்.பி.எச். இன்சுலினையும் 30-க்கு 70 என்ற விகிதத்தில் கலந்த 30/70 கலவை இன்சுலினும் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டியவை. உணவு வண்டி தாமதமாக வரும் வார்டில் கடிகாரத்தை மட்டும் பார்த்து ஊசி போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். ஆகவே உணவு எப்போது வரும் என்பதைத் தெரிந்துகொண்ட பின்பே குப்பியைக் கையில் எடுங்கள்.

கைகளைக் கழுவிய பின், குப்பியின் காலாவதித் தேதியையும் திறந்த தேதியையும் பாருங்கள். திறந்த தேதி எழுதப்படாத குப்பியைப் பயன்படுத்த வேண்டாம். பொதுவாக, திறந்து நான்கு வாரங்கள் ஆனதையும் ஒதுக்கிவிட வேண்டும். ரெகுலர் இன்சுலின் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் அது கெட்டுவிட்டது. 30/70 வகையோ இயல்பாகவே பால்போல் கலங்கியிருக்கும். அதைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து ஏறத்தாழ இருபது முறை மெல்ல உருட்டுங்கள். உருட்டாமல் இழுத்தால் அடியில் தங்கிய மருந்து ஒரு நாள் கூடுதலாகவும் மறுநாள் குறைவாகவும் போகும். ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு, தேவையான அளவுக்குச் சமமான காற்றைச் செலுத்தி, குப்பியைக் கவிழ்த்து, கோட்டைக் கண்மட்டத்தில் வைத்து மருந்தை இழுங்கள். காற்றுக் குமிழ் இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். தெளிவான ரெகுலரையும் கலங்கிய என்.பி.எச். வகையையும் ஒரே சிரிஞ்சில் எடுக்க நேர்ந்தால், தெளிவானதை முதலிலும் கலங்கியதை அடுத்தும் இழுங்கள். நாள் முழுதும் மெல்லச் செயல்படும் கிளார்ஜின் இன்சுலினை வேறு எதனோடும் கலக்கக் கூடாது. அதுவும் தெளிவாகவே இருப்பதால் ரெகுலர் என்று தவறாக எடுத்துவிடும் ஆபத்து உண்டு.

இழுத்த சிரிஞ்சையும் குப்பியையும் கேஸ் ஷீட்டையும் இன்னொரு செவிலியரிடம் காட்டுங்கள். "20 யூனிட் சரிதானே அக்கா?" என்று விடையையும் சேர்த்துச் சொல்லாமல், "எவ்வளவு இருக்கிறது, பாருங்கள்" என்று கேட்டால்தான் அவர் தம் கண்ணால் படிப்பார். ஊசியைப் போட்டவுடன் அளவு, நேரம், இடம் மூன்றையும் பதிவுசெய்யுங்கள்; போடுவதற்கு முன்பே கையொப்பமிடும் பழக்கம் வேண்டாம்.

நோயாளிக்குக் கற்றுக்கொடுத்தல்

டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நிற்கும் குடும்பத்திடம் சொல்வது எதுவும் மனத்தில் தங்காது. சேர்க்கப்பட்ட இரண்டாம் நாளிலேயே தொடங்குங்கள். வீட்டில் ஊசி போடப்போவது யார் என்பதுதான் முதற்கேள்வி. மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்த பிறகு, அவர் திருப்பூரில் வேலை செய்வதாகவும் ஊரில் அம்மாவும் பாட்டியும் மட்டுமே இருப்பதாகவும் தெரியவந்தால் அவ்வளவு உழைப்பும் வீண். போடப்போகிறவருக்குச் சிரிஞ்சின் கோடு கண்ணுக்குத் தெரிகிறதா, எண்களைப் படிக்கத் தெரியுமா என்றும் பாருங்கள். படிக்கத் தெரியாதவருக்குச் சிரிஞ்சின் படத்தைப் பெரிதாக வரைந்து, இழுக்க வேண்டிய கோட்டை வண்ணப் பேனாவால் காட்டிக் கொடுக்கலாம்.

ஒரு நாளில் இரண்டு செய்திகளுக்கு மேல் சொல்ல வேண்டாம். முதலில் நீங்கள் செய்துகாட்டுங்கள். மறுவேளை அவர் செய்ய, நீங்கள் பாருங்கள். "புரிந்ததா?" என்ற கேள்வியால் பயனில்லை, ஏனென்றால் மரியாதைக்காகவே எல்லோரும் தலையசைப்பார்கள். "நான் சரியாகச் சொல்லிக்கொடுத்தேனா என்று தெரிந்துகொள்ள வேண்டும் ஐயா, வீட்டில் எப்படிப் போடுவீர்களோ அப்படியே ஒருமுறை செய்யுங்கள்" என்று கேளுங்கள். தவறினால் அந்த இடத்தை மட்டும் மீண்டும் காட்டி, மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

ஊசி போடும் இடங்களில் வயிறு எளிதானது. தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரலளவு தள்ளிப் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் வலி குறைவாக இருப்பதால் பலர் அங்கேயே போட்டுக்கொள்கிறார்கள். நாளடைவில் அங்கே கொழுப்பு திரண்டு, மருந்து சீராக உறிஞ்சப்படாமல் போகிறது. ஆகவே பழைய நோயாளி என்றால் வயிற்றையும் தொடையையும் தடவிப் பாருங்கள்.

திறக்காத குப்பியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்து உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், மருந்தைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நிழலில் வைக்கச் சொல்லலாம்.

சர்க்கரை தாழ்வதைப் பற்றிச் சொல்லும்போது வீட்டார் கட்டாயம் உடனிருக்க வேண்டும். திடீர் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, தாங்க முடியாத பசி, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால், உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அறிகுறிகள் குறையாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். தெளிந்தபின் ஏதாவது சாப்பிடவும் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். கிருத்திகை, சஷ்டி, ரமலான் நோன்பு என்று உணவு மாறும் நாள்கள் உண்டா என்று நீங்களே கேட்டு, அதற்கேற்ப மருந்தளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். காய்ச்சலென்றோ சாப்பிடவில்லையென்றோ இன்சுலினை அவர்களாகவே அடியோடு நிறுத்தக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு அது உயிராபத்து.

பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, மருத்துவமனைக்கு வரும்போது கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தப் புட்டியோடு, அப்போது பயன்படுத்தும் குப்பியையும் ஒரு புதிய சிரிஞ்சையும் எடுத்துவரச் சொல்லுங்கள். வந்தவுடன் இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்து, குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் அவரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.