நாற்பத்திரண்டு வயதில் ஏசி வேலை கற்றுக்கொள்ள வருகிறவருக்கு

வருவதாக இருந்தால் தை மாதம் வாருங்கள். பதினெட்டு வருடம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு நான் வந்தது சித்திரையில். தப்பு. கத்திரி வெயிலில் மாஸ்டருக்கு ஒரு நாளைக்குப் பத்து வீடு. நின்று சொல்லித்தர நேரம் ஏது? ஏணியைப் பிடிப்பதிலேயே எனக்கு இரண்டு மாதம் போனது. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் போனே அடிக்காது. தையில் சேர்ந்தால் மாசி, பங்குனியில் ஏசியைத் தண்ணீர் அடித்துக் கழுவும் வாட்டர் சர்வீஸ் வரிசையாக வரும். கை பழக அதுதான் காலம்.

கோர்ஸில் சேரலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஐடிஐயில் இது இரண்டு வருடப் படிப்பு. வீட்டுக்கடனும் ப்ளஸ் டூ படிக்கும் பெண்ணும் இருந்த எனக்கு அது கட்டுப்படியாகவில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் கடையாகப் பார்த்து ஒரு சீசன் ஹெல்ப்பராகப் போங்கள். உங்கள் வீட்டு ஏசியைப் பார்க்க வரும் பையனிடமே கேட்கலாம். சம்பளமே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சும்மா வருகிறவனுக்கு அவுட்டோர் யூனிட்டை மாடிக்குத் தூக்கும் வேலைதான் மிஞ்சும். நான் தினம் 500 ரூபாய் கேட்டேன். காசு கொடுக்கிறவர், அதற்கு வேலை வாங்கவாவது சொல்லித்தருவார்.

என் மாஸ்டர் என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். முதல் வாரம் அவர் என்னை "சார்" என்றார், நான் அவரைத் "தம்பி" என்றேன். போகிற வீட்டிலெல்லாம் என் நரையைப் பார்த்து என்னிடமே ரிப்பேரை விளக்கினார்கள். இரண்டு பேருக்கும் சங்கடம். அப்புறம் நான் "மாஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தேன், அவர் "அண்ணே" என்றார். அதற்குப் பிறகுதான் கூச்சமில்லாமல் திட்டினார், எனக்கும் வேலை புரிந்தது.

கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜைத் தொட அவசரப்படாதீர்கள். ஃப்ளேர் அடிப்பதில் ஆரம்பியுங்கள். செப்புக் குழாயின் வாயைப் பூ மாதிரி விரித்து, நட் போட்டு இறுக்குகிற வேலை அது. கட்டரைக் குழாயில் மாட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாக முடுக்க வேண்டும். பலமாக முடுக்கினால் குழாய் நசுங்கும். வெட்டியதும் உள்விளிம்பில் பிசிறு நிற்கும். குழாயின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து ரீமரால் சுரண்டுங்கள், தூள் உள்ளே போகாது. இப்போது நட்டைக் குழாயில் மாட்டுங்கள். இதைத்தான் நான் மூன்று தடவை மறந்தேன். அழகாக ஃப்ளேர் அடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ரசித்துவிட்டுக் குனிந்தால் நட் தரையில் கிடக்கும். விரித்த வாய் வழியாக அது நுழையாது. மறுபடி வெட்ட வேண்டியதுதான். மூன்றாவது தடவை, சென்னை கொளத்தூரில் ஒரு வீட்டில், வெட்டி வெட்டிக் குழாயே எட்டாமல் போய்விட்டது. மாஸ்டர் அன்று திட்டவில்லை, பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார். அன்று இரவு துண்டுக் குழாய்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அறுபது எழுபது ஃப்ளேர் அடித்துப் பழகினேன். விளிம்பு வெடிப்பில்லாமல், சுற்றிலும் ஒரே அகலமாக வர வேண்டும். இறுக்க இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. கடைசியில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழ் விட்டால் லீக்.

கேஸ் விஷயத்தில் பழைய ஆட்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 கேஸ் மெஷின் ஓடும்போது, கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாயான சக்‌ஷனில் அறுபது எழுபது பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். அதே கணக்கை, புது ஏசிகளில் வரும் ஆர்-32 கேஸ் மெஷினில் போடக் கூடாது, அதற்கு நூறுக்கு மேல்தான் சரி. ஆர்-32 தீப்பிடிக்கும் வகை என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. கேஸை முழுக்க எடுக்காமல் குழாயில் நெருப்பு வைக்கவும் கூடாது. எத்தனை கிராம் ஏற்ற வேண்டும் என்று அவுட்டோர் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும், தராசு வைத்து ஏற்றுங்கள். குழாயைத் திறந்தால், உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்ப் போட்டே ஆக வேண்டும், உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரசரைத் தின்றுவிடும். இன்னொன்று: கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சரக்கு இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலின் உப்புக்காற்று, கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான காயிலை அரித்துவிடும். ஓட்டையைத் தேடாமல் வருடா வருடம் கேஸ் மட்டும் ஏற்றிக் காசு வாங்கும் ஆளிடம் போய்த் தொழில் கற்காதீர்கள்.

கரண்ட் விஷயம். ஏசிக்குக் கரண்டை நிறுத்தும் எம்சிபி சுவிட்சை இறக்கினாலும், மோட்டார் ஓட உதவும் கப்பாசிட்டருக்குள் கரண்ட் தேங்கி நிற்கும். அது தெரியாமல் விரலை வைத்தேன், முழங்கை வரை உதறியது. நல்லவேளை, தரையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு மாட்டி, அதன் இரண்டு வயரைக் கப்பாசிட்டரில் தொட்டு இறக்கிவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்கிறேன். சுவருக்கு வெளியே தொங்கும் யூனிட்டுக்கு சேஃப்டி பெல்ட் இல்லாமல் இறங்காதீர்கள். பெல்ட்டைப் பார்த்துச் சிரிக்கிற இருபது வயசுப் பையன்கள் இருப்பார்கள். சிரிக்கட்டும்.

டூல்ஸை ஒரே நாளில் வாங்க வேண்டாம். டெஸ்டர், ஸ்பேனர், வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் முதலில். மீட்டரும் கப்பாசிட்டரும் ரிச்சி தெருவில் கிடைக்கும். கட்டரும் ஃப்ளேரிங் டூலும் இரண்டாம் மாதம். கேஜ், வாக்குவம் பம்ப் எல்லாம் தனியாக வேலை பிடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கனமான யூனிட்டைத் தனியாகத் தூக்காதீர்கள். ஒன்றரை டன் ஏசியின் அவுட்டோர் யூனிட்டோடு லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி ஏறினேன், நான்கு நாள் படுக்கை, நான்கு நாள் கூலி போச்சு.

பழைய வேலையில் கைவந்த ஒன்று இங்கே எனக்கு உதவியது. போன வீடு ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம்: எத்தனை டன், என்ன கேஸ், கப்பாசிட்டர் மாற்றிய தேதி, வெளி யூனிட்டுக்கு ஏணி தேவையா, நாய் உண்டா. மாஸ்டர் முதலில் கேலி செய்தார். மாசி பிறந்ததும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் இப்போது இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்காகப் போன் போடுகிறோம்.