இயற்கை பற்றிய பொது அறிவுக் கேள்விகள்: விடை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கோடையில் மட்டும் வெயில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது?" என்று வீட்டுப் பிள்ளை கேட்டால், பூமி அப்போது சூரியனுக்கு அருகில் போய்விடுகிறது என்று பெரியவர்களில் பலர் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். அடுப்பை நெருங்கினால் சுடும் என்ற அனுபவத்தோடு ஒத்துப்போவதால், அந்த விடையைச் சரிபார்க்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது, நாம் விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் மார்கழியில், அதாவது ஜனவரி முதல் வாரத்தில்தான். அப்போது இடைவெளி சுமார் 14.71 கோடி கிலோமீட்டர்; ஜூலை முதல் வாரத்தில் அது சுமார் 15.21 கோடியாகக் கூடுகிறது. பருவங்களுக்குக் காரணம், பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பது. சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும் பாதியில் கதிர்கள் நேராகவும், மறுபாதியில் சரிவாகவும் விழுகின்றன. டார்ச் விளக்கைத் தரையை நோக்கி நேராகப் பிடித்தால் ஒளி சிறு வட்டமாகப் பளிச்சென்று விழுவதையும், சாய்த்துப் பிடித்தால் அதே ஒளி நீண்டு பரவி மங்குவதையும் காட்டினால் பிள்ளைக்கு உடனே விளங்கிவிடும். நம் ஜனவரிக் குளிரின்போது ஆஸ்திரேலியாவில் கோடை என்பது பலருக்கும் தெரிந்த செய்தியே. தெரிந்த அந்தச் செய்தியோடு விடையைப் பொருத்திப் பார்க்காததே இங்கு நேரும் தவறு.

பெரிய பெயர் ஒன்று சொல்லிவிட்டதால் கேள்வி முடிந்துவிட்டதாகக் கருதுவது இன்னொரு தவறு. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு கருதியதால், அறிவியல் உலகில் அதுவே நிலைத்திருந்தது. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி. ராமன், தம்மிடமிருந்த நிகோல் பட்டகத்தின் வழியே, குறிப்பிட்ட கோணத்தில் கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை அந்தப் பட்டகம் தடுத்துவிடும். ஆகவே பிரதிபலிப்புதான் காரணம் என்றால் நீலம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் வருகிறது என்று அவர் எழுதினார். அந்தத் தேடலே 1928இல் ராமன் விளைவுக்கு இட்டுச் சென்றது. எனினும் ராமனின் விடையோடும் நின்றுவிடக் கூடாது. தண்ணீர் சிவப்பு ஒளியைச் சிறிதளவு உறிஞ்சிக்கொள்கிறது. சில மீட்டர் ஆழமாவது இருந்தால்தான் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும் என்பதால், குவளைத் தண்ணீர் நிறமற்றதாகவும் ஆழ்கடல் நீலமாகவும் தோன்றுகின்றன. மேகமூட்டத்தில் கடல் சாம்பல் பூத்துக் கிடப்பதில் வானத்தின் பிரதிபலிப்புக்கும் பங்குண்டு என்பதால், பழைய விடையையும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

"மிக உயரமான மலை எது?" போன்ற கேள்விகளில், எங்கிருந்து அளப்பது என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் 8,848.86 மீட்டர் கொண்ட எவரெஸ்ட்தான் முதலிடம். கடலடியில் உள்ள அடிவாரத்திலிருந்து அளந்தால், நீருக்கு மேல் 4,207 மீட்டர் மட்டுமே தெரியும் ஹவாயின் மௌனா கியா 10,000 மீட்டரையும் தாண்டிவிடும். பூமியின் மையத்திலிருந்து அளந்தாலோ, நடுக்கோட்டுப் பகுதி புடைத்திருப்பதால், எக்குவடோர் நாட்டின் சிம்போராசோ முந்திக்கொள்கிறது. வினாடி வினா நடத்துவோர் கேள்வியிலேயே அளவுகோலைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

அரச மரம் இரவிலும் ஆக்சிஜன் வெளியிடும் என்ற வாட்ஸ்அப் செய்திக்கு நீண்ட விளக்கமே தேவையில்லை. ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும். இருட்டில் அரச மரமும் நம்மைப் போல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது.

ஒரு நம்பிக்கையைத் திருத்தப் போய் எதிர்த்திசையில் தவறுவதும் உண்டு. கூர்மையான செவியைப் பாம்புச் செவி என்பது நம் வழக்கு. அதை மறுக்கப் புகுந்தவர்கள், பாம்புக்குக் காதே கேட்காது என்று பல காலம் சொல்லி வந்தார்கள். பாம்புக்கு வெளிக்காதும் செவிப்பறையும் இல்லை என்பது உண்மை. ஆனால் உட்காது உண்டு, அது தாடையோடு எலும்பால் இணைந்திருப்பதால் தரை அதிர்வை நன்றாகவே உணரும், காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளும் அதற்கு எட்டும். மகுடிக்கு முன் படமெடுத்து அசையும் நாகம், இசையில் மயங்கியதாகச் சொல்லப்பட்டாலும், தன் எதிரே ஆடும் குழலைத்தான் கண்ணால் பின்தொடர்கிறது.